காடோஸும் அகரத்துச் சொம்பும்

பழைய கிரேக்கத்தில் துணிமணிக்கும் பாத்திரபண்டத்துக்கும் வழங்கிய சொற்கள் எங்கிருந்து வந்தவை என்று ஒரு சிறு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை வீட்டில் சொல்லியிருக்கவே கூடாது.

அன்றிலிருந்து என் சித்தப்பா, பார்க்கும்போதெல்லாம், காடோஸ் என்றால் நம்ம குடம்தான், அப்படியே எழுது என்கிறார். காடோஸ் திராட்சை மது வைக்கிற ஜாடி, கப்பல் ஓட்டி வியாபாரம் செய்த பினீசியர்கள் பக்கத்திலிருந்து கிரேக்கத்துக்குப் போன சொல் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். படித்தவள், ஆனால் தமிழ்ப்பற்று கிடையாது என்று திண்டுக்கல் முழுக்கச் சொல்லிவிட்டார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை.

அதோடு விட்டாரா? தங்கையின் சீர்ப் பாத்திரங்களைத் திருப்பி எடுத்துவரப் போனபோது, பாத்திரம் தெரிந்தவள் நீதானே என்று என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார். எல்லாவற்றிலும் கடைக்காரர் அப்பா பெயரைத்தான் வெட்டியிருந்தார். எழுத்துக்கூட்டத் தெரிந்த யாரும் அடையாளம் காட்டியிருக்கலாம். இதற்குக் கிரேக்கம் எதற்கு?

தங்கையை அகரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரர் வேலைக்கென்று திருப்பூர் போய், அங்கே வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டார். கோர்ட்டிலும் தீர்ந்துவிட்டது. இத்தனை வருஷமும் தங்கை அங்கேயே மாமியாரோடுதான் இருந்தாள். இனி அங்கே என்ன வேலை, அக்கா வீட்டுக்கு வந்துவிடட்டும் என்று சித்தப்பா முடிவு செய்தார். அவளை யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அவளுக்கு இன்றுவரை பாப்பா என்றுதான் பெயர். பாப்பாவை யார் கேட்பார்கள்?

தங்கையின் மாமியார் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அரிசி. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணம்கூடக் கொஞ்சம் சர்க்கரையோடுதான் திரும்பிப் போகும். ஆனால் அது கொடுக்கல் வாங்கல் இருக்கிற வீடுகளுக்கு. உறவே அற்றுப்போன இடத்தில் இது என்ன சடங்கு என்று சித்தப்பாவுக்குக் கோபம். அரிசியைச் சாக்கில் கொட்டிவிட்டு வெறும் குண்டானை வண்டியில் ஏற்றினார். அந்த அம்மாள் அடுத்த பாத்திரத்தை எடுத்தார். அதிலும் அரிசி. அதையும் சித்தப்பா கொட்டினார். ஒருவர் போட, ஒருவர் கொட்ட, உச்சிவெயிலில் எனக்குத் தலை வெடித்தது. இந்த லட்சணத்தில், அண்டாவுக்குக் கிரேக்கத்தில் என்ன என்று வேறு கேட்டார் சித்தப்பா. அந்த அண்டாவுக்குள்ளேயே அவரை உட்காரவைத்து மூடிவிடலாம் போலிருந்தது.

வெறும் ஜாடி கப்பல் ஏறாது. காடோஸ் என்ற சொல்லும் ஜாடியும் உள்ளே இருந்த சரக்கும் சேர்ந்தேதான் கரையிறங்கியிருக்கும். கிதோன் என்கிற அங்கியின் பெயரும் அப்படித்தான், ஆளிச்செடி நாரில் நெய்த லினன் துணியோடு கிழக்கேயிருந்து வந்தது. குளிக்கிற தொட்டிக்கு அசாமிந்தோஸ், எண்ணெய்க் குப்பிக்கு லெக்கிதோஸ். இந்த இரண்டும் கிரேக்கர்களுக்கு முன்னால் அந்த மண்ணில் குடியிருந்தவர்கள் விட்டுப்போனவை என்கிறார்கள். அந்த மனிதர்கள் பேசியது என்ன மொழி என்பதுகூடத் தெரியாது. வீட்டில் புழங்கிய சில சொற்கள் மட்டும் தங்கிவிட்டன. இதையெல்லாம் நான் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் சாவகாசமாக எழுதி முடித்திருந்தேன். அந்த அம்மாள் மறுபடியும் அரிசிப் பானைக்குள் கைவிடுவதைப் பார்த்தபோது அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டும் என்று தோன்றியது.

வண்டி கிளம்பும்போது அவர் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “போயிட்டு வா” என்றார். சித்தப்பா பக்கத்தில் நின்றதால் அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

திண்டுக்கல்லில் என் வீட்டு அடுப்படியில் கால் வைக்க இடமில்லாமல் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு சித்தப்பா போய்விட்டார். அடுக்கும்போது பார்த்தால், சித்தப்பா கண்ணில் படாமல் நடுவில் ஒரு பித்தளைச் சொம்பு, விளிம்பு வரை அரிசி. அப்பா பெயர் அதில் இல்லை. எனக்கு வந்ததே கோபம். இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணி அடுத்தவர் பாத்திரத்தைத் தூக்கி வந்திருக்கிறோமே, இதற்காக இன்னொரு தடவை அகரத்துக்கு யார் அலைவது என்று கத்தினேன்.

தங்கை சொம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“அத்த தெரிஞ்சுதான்க்கா வச்சிருக்காக. திருப்பிக் குடுக்க நான் அங்க போகணும்ல.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் சொம்பைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தாள். பக்கத்தில் அவள் துணிப்பையும் இருந்தது, கொண்டுவந்த சேலை அத்தனையும் உள்ளே. சித்தப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வது, அடுப்படியை அடைத்துக்கொண்டு கிடக்கிற அண்டா குண்டானை என்ன செய்வது என்று கேட்டேன்.

“அதுல எல்லாம் அப்பா பேருதானக்கா இருக்கு,” என்றாள். “என் பேரச் சொல்லிக் கூப்புடுறது அத்த மட்டுந்தான்.”

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் எடுத்தேன். பழக்கமில்லாததால் வரவில்லை. சர்க்கரை டப்பாவை எடுத்து, சொம்பு நிறையக் கொட்டினேன்.