விருந்தாளிகளுக்குக் காட்டும் இடங்கள்

நாங்கள் உல்லாசப் பயணம் போகும் கப்பல் பின்னேரம்தான் புறப்படும். பெட்டிகளைக் காலையிலேயே பழைய துறைமுகத்தில் கொடுத்துவிட்டோம். ரொறொன்ரோவிலிருந்து வரும் மற்ற இரண்டு கூட்டாளிகளும் நேரே கப்பலடிக்கு வருவதாக ஏற்பாடு. அதுவரை நோர்வேயிலிருந்து வந்தவளுக்கு மொன்றியலைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. நாங்கள் நால்வரும் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

அவள் ஒரு நிபந்தனையோடுதான் வந்திருந்தாள். தன் அக்காவின் கண்ணில் படக்கூடாது.

அக்கா இருப்பது இதே மொன்றியலின் ஓரத்தில், பியர்பொன்ட்ஸில். அவர்களுடைய அம்மாவும் அந்த வீட்டில்தான் இருந்தார். கடைசிக் காலத்தில் அக்கா அவரை முதியோர் இல்லத்தில் விட்டார். அங்கேயே அம்மாவின் சீவன் போனது. செய்தி கேட்ட அன்று என் சிநேகிதி தொலைபேசியில், "அம்மாவைச் சாக்காட்டினது நீதான்" என்று சொல்லிவிட்டு வைத்தவள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. அம்மாவுக்கு மறதி நோய் முற்றி, பனிக்குள் வெறுங்காலோடு இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தார் என்பது அவளுக்குப் பிந்தித்தான் தெரிய வந்தது. தெரிந்ததும் கோபம் போனது. அக்காவுக்கு முகம் கொடுக்கிற தைரியமும் அதோடு போனது.

ஓர் ஊருக்கு வந்து, கூடப்பிறந்தவளின் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடிக்காமல் திரும்பிப் போவது எங்கள் ஆட்களிடம் லேசில் மன்னிக்கப்படும் குற்றமில்லை. அதனால் நான் கவனமாகத் திட்டம் போட்டேன். தமிழ்க் கடைகள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் தலைகாட்டுவதில்லை. வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர் போகும் இடங்களுக்கு மட்டும் போவது. என்னை நானே கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டேன்.

அவள் என் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, வங்கியைக் கொள்ளையடிக்க வந்தவள் மாதிரி நடந்தாள். பழைய நகரத்துக் கல்தெருக்களில் எதையும் அவள் பார்க்கவில்லை; ஆட்களின் முகங்களைத்தான் பார்த்தாள். ஊர் நடுவே இருக்கும் மலையின் உச்சியில், முழு நகரமும் சிவந்த இலைகளுக்குக் கீழே விரிந்து கிடக்க, பின்னால் யாரோ தமிழில் கதைத்தார்கள். அவள் என் கையை நகம் பதியப் பிடித்தாள். அவர்கள் வேறு ஆட்கள்.  எனக்கு எரிச்சலாக இருந்தது. இதற்குப் பேசாமல் கப்பலுக்குள்ளேயே போய் இருந்திருக்கலாம்.

கடைசியாகச் சூசையப்பர் கோயிலுக்குப் போனோம். மெழுகுதிரிகள் வரிசை வரிசையாக எரியும் மண்டபத்தில், குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் சுவர்களில் தொங்கும். அங்கே போனதும் அவள் கண்ணாடியைக் கழற்றினாள். திரி ஒன்றை எடுத்துப் பற்ற வைக்கக் குனிந்தபோது, வாசலால் அக்கா வந்தார்.

அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. சைவமோ கிறிஸ்தவமோ, இந்த நகரத்தில் எந்தத் தமிழ் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் துறைமுகம், மலை, சூசையப்பர் என்றுதான் கூட்டிக்கொண்டு திரிவோம். நானே எத்தனை பேரை இழுத்துத் திரிந்திருக்கிறேன். அக்காவுக்குப் பக்கத்தில் லண்டனிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும். அக்காவின் மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அக்கா என்னைக் கண்டு சிரித்தபடி கிட்ட வந்தார். பிறகு தங்கச்சியைக் கண்டார். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. லண்டன்காரப் பெண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்து, ஒரே சாயலாக இருக்கிறதே, இது யார் என்று கேட்டார்.

"என்ரை தங்கச்சி," என்றார் அக்கா. "நோர்வேயிலையிருந்து இப்பதான் வந்தவ. பிறகு வீட்டுக்கு வருவா."

அவர் கை தங்கச்சியின் தோளைச் சுற்றி வந்தது. இவளும் சிரித்தாள். தன் பெறாமகளான அக்காவின் மகளைப் பற்றி, எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை என்று லண்டன்காரருக்குச் சொன்னாள். அந்தப் பிள்ளையை அவள் குழந்தையில் கண்டதோடு சரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு லேசாகவா இது முடியும் என்று ஆச்சரியப்பட்டேன்.

லண்டன்காரர் ஊன்றுகோல்களைப் பார்க்க அப்பால் நகர்ந்தார்கள். இவள் தோளில் இருந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

அக்கா கையை மெதுவாக விடுவித்தார். குரலை உயர்த்தவில்லை.

"அது அவையளுக்காகச் சொன்னனான். நீ வரவேண்டாம்."

பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு விருந்தாளிகளிடம் போனார். நடக்க முடியாமல் வந்தவர்கள் ஊன்றுகோலை இங்கேயே விட்டுவிட்டு நடந்து போன கதையை அவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார். நாங்கள் வாசலைத் தாண்டும்வரை அந்தக் குரல் கேட்டது. அதில் ஒரு பிசிறும் இல்லை.