நெருப்புப் பறவையின் வாலைப் பிடித்த கை

வெயில் ஏறிய செங்கல் சுவரில் பெயின்ட் காயும் மணம்... கொஞ்சம் இனிப்பாக, கொஞ்சம் தலையிடிக்கிற மாதிரி. பிரெஞ்சு பேசுகிற ஒரு பெருநகரத்தின் லாசால் பகுதியில், எங்கள் அப்பார்ட்மென்டுக்கு எதிரே இருந்த உயரமான சுவரில் அந்தக் கோடை முழுக்க அந்த மணம்தான்.

நான் யூனிவர்சிட்டியில் முதல் வருடம் முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. கோடைக்குக் கிடைத்த வேலை, அந்தச் சுவரில் ஓவியம் தீட்டுகிறவர்களுக்கு உதவியாள். தூரிகை கழுவ வேண்டும், பெயின்ட் கலக்க வேண்டும், நடைபாதையில் வருகிறவர்களை மற்றப் பக்கத்தால் போகும்படி பிரெஞ்சில் கேட்க வேண்டும்.

கடைசி வேலைக்கு மட்டும், வாய் திறக்கக் கூச்சப்பட்டு, ஒரு அட்டையில் எழுதி, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஓவியர் ஹலீனா, உக்ரைனில் பிறந்தவர். முதல் நாள் சுவர் முழுக்கக் கண்டபடி கிறுக்கினார்... எழுத்துகள், வட்டங்கள், ஒரு மீன். சின்னப் படத்தைப் பெரிய சுவரில் அளவு பிடிக்க அந்தக் கிறுக்கல்கள்தான் அடையாளமாம். பிறகு அதன் மேல், உச்சியிலிருந்து படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அவர்கள் ஊர்க் கதைகளில் வருகிற நெருப்புப் பறவை. தலையில் கொண்டை, பொன்னிறத்தில் நீண்ட வால், வால் நிறையக் கண்கள்.

அம்மாவுக்கு அது மயில்.

அப்பாவுக்கு இதய ஒப்பரேசன் செய்ய நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் சோதனைகளுக்கு இருவரும் பஸ்ஸில் போய்வந்தார்கள். பஸ் தரிப்பு அந்தச் சுவருக்கு நேரே இருந்தது. அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கும்பிடுவார்.

"முருகன் எங்கட வாசலுக்கே வாகனத்தை அனுப்பியிருக்கிறார்" என்றார் ஒரு நாள்.

"பஸ்ஸையும் நேரத்துக்கு அனுப்பச் சொல்லும்" என்றார் அப்பா.

அது மயில் இல்லை என்று நான் திருத்தப் போகவில்லை. அம்மாவுக்கு அந்த நாட்களில் நித்திரை வந்ததே பெரிய விஷயம்.

ஒப்பரேசனுக்கு முதல் நாள் மத்தியானம் படத்தின் கீழ்ப் பகுதி வந்தது. ஒரு கை. ஓர் இளைஞனின் கை, பறவையின் வாலை இறுக்கிப் பிடித்திருந்தது.

சாப்பிட வீட்டுக்குப் போனபோது அம்மா ஜன்னலருகே நின்றார்.

"ஆரடி பிள்ளை அவன்? மயிலின்ர வாலைப் பிடிச்சு இழுக்கிறான்."

"கதையில வாற ஆள், அம்மா."

"என்ன கதை? நாளைக்கு இந்த மனுசனைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கப் போறம். இண்டைக்குப் பார்த்து இப்பிடியொரு சகுனம். நீ ஆசுப்பத்திரிக்குப் போன் எடு. பேந்து வேற ஒரு நாள் தரச் சொல்லு."

"எனக்கு நெஞ்சைத் திறக்கப் போறாங்கள். நீர் மயிலுக்கு அழுறீர்" என்றார் அப்பா, சோபாவில் இருந்தபடி. ஆனால் போன் எடுக்க வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை.

வீட்டில் பிரெஞ்சில் போன் கதைப்பது நான்தான். அந்த நாளைக் கைவிட்டால் அடுத்த நாள் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை அப்பாவின் இதயம் பொறுக்குமா என்றும் தெரியாது.

போனைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்தேன்.

"வாங்கோ அம்மா. வரைஞ்ச ஆளிட்டயே கேப்பம்."

ஹலீனா கீழே நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். "ஓம்", "இல்லை" தவிர நான் அவரோடு அதிகம் பேசியதே இல்லை. அன்று நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். தட்டுத்தடுமாறித்தான், ஆனால் வார்த்தைகள் வந்தன.

ஹலீனா கதையைச் சொன்னார்: அரசனின் தோட்டத்தில் ஆப்பிள் திருட வருகிற பறவை. அரசனின் மகன் ஒளிந்திருந்து வாலைப் பிடிக்கிறான்.

"அப்ப இது முருகன்ர மயில் இல்லையோ?" என்றார் அம்மா.

"இல்லை அம்மா."

அம்மா மேலே பார்த்தார். "ஆற்றையோ பறவையா இருக்கட்டும். நான் கும்பிட்டது கும்பிட்டதுதான். அவன் பிடிச்சானே, பேந்து என்ன நடந்தது?"

பறவை திமிறிப் பறந்துவிட்டது, ஒரே ஒரு இறகுதான் அவன் கையில் மிஞ்சியது என்றார் ஹலீனா.

"ஒரு இறகு போனாப் பறக்கேலுமோ எண்டு கேள்."

கேட்டேன். ஹலீனா சிரிக்கவில்லை. பறந்து வெகுதூரம் போனது என்றார்.

அம்மா என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: "அப்பான்ர காலில இருந்தும் ஒரு நரம்பு எடுக்கினமாம். எடுத்துத்தான் நெஞ்சில வைக்கினமாம்."

"ஓம் அம்மா."

"சரி. போன் எடுக்க வேண்டாம்."

...

அதெல்லாம் ஆகிச் சில வருடங்கள். இப்போது டவுன்டவுனில் எனக்கு வேலை, நாள் முழுக்கப் பேசுகிற வேலை. அப்பாவும் அம்மாவும் பியர்பொன்ட்ஸ் பக்கம் வீடு மாறிவிட்டார்கள். அப்பா தன் அப்பாயின்ட்மென்டுகளைத் தானே போனில் மாற்றுகிறார், அரைகுறைப் பிரெஞ்சில், சத்தமாக. என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

போன மாதம் லாசால் பக்கம் போனேன். சுவருக்கு முன்னால் புதிதாக ஒரு கட்டடம் எழும்பியிருக்கிறது. படத்தின் கீழ்ப் பகுதி, அந்தக் கை, தெரியவில்லை. மேலே பறவை மட்டும், நிறம் கொஞ்சம் வெளுத்து.

பஸ்ஸுக்கு நின்ற பெண்ணொருத்தி அதைப் போனில் படமெடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது சும்மா பறக்கிற பறவை. அதை ஒருவன் பிடித்திருந்தான் என்பதும், அது தப்பிப் போனது என்பதும் அங்கே எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.