வெங்காய மூட்டையும் அணிக்கோவையும்

மாதிரி வகுப்புக்கு எனக்குக் கொடுத்த தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. 'அணிக்கும் அணிக்கோவைக்கும் உள்ள வேறுபாடு.' மேட்ரிக்ஸ், டிடெர்மினன்ட் என்று எம்.எஸ்ஸி. வரைக்கும் கரைத்துக் குடித்த விஷயம். குற்றாலத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பீரியடு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் வேலை.

கல்யாணமாகித் தென்காசிக்கு வந்து, பிள்ளை பிறந்து, வீட்டோடு இருந்துவிட்டவள் நான். இதற்கு முன்னால் போன பள்ளிக்கூடங்களில் எல்லாம் 'சொல்லி அனுப்புகிறோம்' என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. இதுவும் போனால் இனி எங்கும் போய் நிற்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சம்பளத்தைவிட, கணக்கு என் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறதே என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் ஒத்திகை. பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்பு பீரோதான் கரும்பலகை. என் வீட்டுக்காரர் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் டெம்போ ஓட்டுகிறார். வந்து குளித்து முடித்து, டீ டம்ளரோடு கட்டிலில் உட்கார்ந்தவரை மாணவன் ஆக்கினேன். தலைவிதியே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கைடில் இருந்தபடியே ஆரம்பித்தேன். அணி என்றால் எண்களை நிரையும் நிரலுமாக அடுக்கி வைத்த கட்டம். அதற்கு இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட வேண்டும். அணிக்கோவை என்றால் அந்தக் கட்டத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கிற ஒரே ஒரு எண். அதற்கு இரண்டு பக்கமும் நெட்டுக்கோடு. அணி எந்த வடிவத்திலும் இருக்கலாம். அணிக்கோவை வேண்டுமென்றால் சதுரமாக இருந்தே தீர வேண்டும். நாலு எண் உள்ள கட்டம் என்றால் குறுக்கே குறுக்கே பெருக்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான்.

"ஏட்டி, இந்தக் கட்டம் எனக்கு வெளங்குது" என்றார் அவர். "எத்தன மூட்ட, எத்தன பெட்டின்னு லோடு எழுதுற மாதிரி இருக்கு. அவ்வளவையும் கையில வச்சிக்கிட்டு, அதுக்குள்ள இருந்து ஒத்த நம்பர எதுக்குத் தேடுத?"

"பரீட்சையில கேப்பாங்க. அதுக்குத்தான்."

"கேட்டா மட்டும் போதுமா? அத வச்சி என்ன செய்ய?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. நாளைக்கு வகுப்பை வைத்துக்கொண்டு இன்றைக்கு இந்தக் கேள்வியா? ஆனால் கோபம் வந்ததற்குக் காரணம் அவர் இல்லை. என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ அணிக்கோவைகளுக்கு மதிப்புக் கண்டுபிடித்திருக்கிறேன். அந்த மதிப்பு என்னத்தைச் சொல்ல வருகிறது என்று ஒரு நாளும் நின்று கேட்டதில்லை.

"உங்க லோடையே சொல்லுங்க, போட்டுக் காட்டுதேன்" என்றேன் வீம்புக்கு.

அன்றைக்கு இரண்டு நடை போயிருந்தார். முதல் நடை பத்து மூட்டை பல்லாரி வெங்காயம், ஐந்து பெட்டி தக்காளி. எடைமேடையில் வண்டி எடை போகச் சரக்கு அறுநூறு கிலோ. இரண்டாம் நடை இருபது மூட்டை, பத்துப் பெட்டி. ஆயிரத்து இருநூறு கிலோ. ஒரு மூட்டை எவ்வளவு, ஒரு பெட்டி எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லிவிடுகிறேன், பாருங்கள் என்று சவால் விட்டேன். தெரியாத விஷயம் இரண்டு, எடை போட்டது இரண்டு தடவை. இது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு.

பத்தும் ஐந்தும் மேலே, இருபதும் பத்தும் கீழே. குறுக்கே பெருக்கினேன். நூறில் நூறு போனது. பூஜ்ஜியம்.

எங்கேயோ தப்பு என்று நினைத்து முந்தானையால் பீரோவைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் பூஜ்ஜியம்.

"என்ன, டீச்சரம்மா முழிக்கிய" என்றார் அவர். கேலி செய்யும்போது மட்டும் எனக்கு மரியாதை கிடைக்கும்.

மூட்டை ஐம்பது கிலோ, பெட்டி இருபது என்று வைத்துப் பார்த்தேன். இரண்டு நடைக்கும் சரியாக வந்தது. மூட்டை நாற்பத்தைந்து, பெட்டி முப்பது என்று வைத்தேன். அதுவும் இரண்டுக்கும் சரியாக வந்தது. முதல் நடைக்குச் சரியாக வருகிற எதை வைத்தாலும் இரண்டாம் நடைக்கும் வரும் போலிருந்தது. இரண்டு தடவை எடை போட்டும் ஒரு தடவை போட்டதற்கு மேல் ஒன்றுமே தெரியவில்லை.

"எப்பவும் இப்படித்தான் ஏத்துவாங்களா? ரெண்டு மூட்டைக்கு ஒரு பெட்டின்னு?"

"லோடுமேன் அண்ணாச்சிமாரு வேற மாதிரி ஏத்தமாட்டாங்க. ரெண்டு மூட்டைய அணைச்சிப் போட்டு, நடுவுல மேல ஒரு பெட்டி. அப்பதான் வளைவுல ஆடாது. வருசம் முச்சூடும் இதே கணக்குதான்."

எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. வருஷம் முழுவதும் எடைமேடையில் ஏற்றி இறக்கினாலும் அந்த லோடிலிருந்து ஒரு தக்காளிப் பெட்டியின் எடை வெளியே வராது. அதைத்தான் அந்தப் பூஜ்ஜியம் சொல்லியிருக்கிறது. இரண்டாம் நடையில் ஒரே ஒரு பெட்டியைக் கூடுதலாக வைத்து, பத்துக்குப் பதில் பதினொன்று என்று எழுதிப் பார்த்தேன். நூற்றுப் பத்தில் நூறு போக, பத்து. பூஜ்ஜியம் இல்லை. இனி எடை மட்டும் தெரிந்தால் போதும். மூட்டையும் பெட்டியும் தனித்தனியாகப் பிரிந்து வந்துவிடும்.

அந்த எண்ணுக்கு வெங்காயமும் தெரியாது, தக்காளியும் தெரியாது. என்ன எடை வந்தது என்றுகூட நாம் அதனிடம் சொல்லவில்லை. ஆனாலும் விடை ஒன்றே ஒன்றாக நிற்குமா, நிற்காதா என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இரண்டுக்கு இரண்டு கட்டமானாலும் சரி, நூற்றுக்கு நூறு கட்டமானாலும் சரி, ஒரே ஓர் எண் அதைச் சொல்லிவிடும். இத்தனை பெரிய விஷயத்தை நான் அஞ்சு மார்க் கேள்வியாக மட்டும் பார்த்துவிட்டேனே என்று இருந்தது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று அந்தப் பூஜ்ஜியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கெட்டிக்கார நம்பருதான்" என்றார்.

மறுநாள் குற்றாலம் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. சீசன். துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக ஊரே அருவிக்குப் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் இறங்கும்போது சாரலில் சேலை மடிப்பு கசங்கி, கைடைப் பார்த்து எழுதி வைத்திருந்த தாள் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. அதைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். நான் டெம்போ லோடைக் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு முதல் நடைக்குச் சரியாக வருகிற மாதிரி மூட்டைக்கும் பெட்டிக்கும் ஆளுக்கொரு எடை சொல்லி, எல்லாமே இரண்டாம் நடைக்கும் பொருந்திப் போவதைப் பார்த்ததும் சத்தம் அடங்கியது. இரண்டு நடையும் சொன்னது ஒரே சேதிதான் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அந்த அமைதி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அப்போது ஜன்னலோரத்தில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், வேற லோடுல ஜீரோ வந்தா, எதனால வந்துச்சுன்னு அந்த நம்பரே சொல்லிருமா?"

இதை நான் யோசித்ததே இல்லை. 'அது சிலபஸில் இல்லை, உட்காரு' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தலைமையாசிரியை பார்த்துக்கொண்டிருந்தார். சாக்பீஸை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பழைய லோடுக்குப் பக்கத்தில் இன்னொன்றை எழுதினேன்: முதல் நடை மூன்று மூட்டை, பெட்டியே கிடையாது, இரண்டாம் நடை ஐந்து மூட்டை, பெட்டியே கிடையாது.

"இதுக்கும் மதிப்புப் பாருங்க."

"ஜீரோ மிஸ்."

"முதல் லோடுல ஒரே மாதிரி ஏத்துனதால ஜீரோ. இதுல பெட்டியே ஏத்தாததால ஜீரோ. ஜீரோவப் பாத்து ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல முடியுமா?"

அந்தப் பெண் இரண்டு கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "முடியாது. அணியத்தான் பாக்கணும்."

"அதான் வேறுபாடு" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது முழுதாக விளங்கியது. கட்டத்தில் எல்லாம் இருக்கிறது. எண் அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறது, மற்றதை எல்லாம் விட்டுவிடுகிறது. கட்டத்திலிருந்து எண்ணுக்குப் போகலாம். எண்ணிலிருந்து கட்டத்துக்குத் திரும்ப முடியாது. மணி அடித்துவிட்டது.

அறைக்குக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியை சிரிக்கவில்லை.

"புக்குல நாலு வேறுபாடு போட்டிருக்கு. நீங்க ஒண்ணோட நின்னுட்டிய."

"ஆமா மேடம்."

"அந்தப் பிள்ள கேட்டதும் ரொம்ப நேரம் பேசாம நின்னிய."

பொய் சொல்லியிருக்கலாம். "பதில் அப்பதான் எனக்கே தெரிஞ்சுது மேடம்" என்றேன். இதுவும் போயிற்று என்று பையைத் தோளில் மாட்டினேன்.

"மிச்ச மூணையும் எப்ப எடுப்பிய?"

என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. "யாருக்கு மேடம்?"

"அந்தப் பிள்ளைகளுக்குத்தான். பாதியில விட்டுட்டு நீங்க வீட்டுக்குப் போயிட்டா, வேற யாரு வந்து முடிக்க?"

நாளைக்கே எடுக்கிறேன் என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.