குழந்தைகளை உட்கார வைக்க மறுத்தவர்

வெளியே காய்ச்சலும் இருமலுமாகக் குழந்தைகள் காத்திருந்த காலை நேரத்தில், எங்கள் ஊர் மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. டாக்டர் ஹமீதா காலமானார், அடக்கம் இன்று அஸர் தொழுகைக்குப் பின். அதற்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அந்தக் கைகளுக்கு உரியவர்களில் பலர், அவர் உயிரோடு இருந்தபோது அவரிடம் ஒரு குழந்தையைக்கூட அனுப்பியதில்லை. மதியத்துக்குள் அதே குழுவில் ஏதோ மருந்துக் கம்பெனி கொடுக்கும் விருந்துக்கு அழைப்பு வந்தது. அதற்கும் கைகள் வந்தன, இந்தத் தடவை கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹமீதா குழந்தைகளுக்கான மனநல மருத்துவர். நான் சளிக்கும் காய்ச்சலுக்கும் பார்க்கிற குழந்தை மருத்துவர். தில்லைநகரில் ஒரே மாடியில் எங்கள் இருவருடைய அறைகளும் எதிரெதிரே இருந்தன. அன்று பாலக்கரையில் அவர் வீட்டுக்குப் போனபோது அவருடைய தங்கை ஜீனத் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடியக்காலை சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தவங்க, தொழுகைப் பாயிலேயே சாஞ்சுட்டாங்க. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சுன்னு சொன்னாங்க" என்றார். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனபிறகு பெண்கள் நாங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டோம். கபர்ஸ்தானுக்குக் கூட்டம் அதிகம் போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

கூட்டம் எல்லாம் அடுத்த வாரம் நடந்த இரங்கல் கூட்டத்துக்குத்தான். ஒரு தனியார் பள்ளியின் அரங்கு. மேடைக்குப் பின்னால் 'குழந்தைகளின் தாய்' என்று பெரிய எழுத்தில் ஃபிளெக்ஸ். ஹமீதா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். அம்மா மாதிரி பார்த்துக்கொள்கிறீர்கள் என்று யாரோ ஒருமுறை புகழ்ந்தபோது, "அவனுக்கு அம்மா ஏற்கெனவே இருக்காங்க. நான் டாக்டர், டாக்டராவே இருந்துக்கிறேன்" என்று சொன்னவர் அவர். என்னையும் பேச அழைத்து இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் வராதது எல்லாம் இங்கே வருகிறது. கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நிறைய நாளாக விழுங்கி வைத்திருந்தது. மனிதர்களின் பெயர்களையும் அடையாளங்களையும் மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அவர் அறைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் எடை மெஷின். எந்தக் குழந்தை வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏற வேண்டும். பிறகு உயரம், நாடி, ரத்த அழுத்தம், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப். மனசுக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் முகம் சுளிப்பார்கள். "மனசுக்குக் குடுக்கிற மாத்திரையும் வயித்துக்குள்ளதாங்க போகுது" என்பார். எடை எவ்வளவு என்பதைக் காகிதத்தில் எழுதுவதற்கு முன்னால், பெற்றோரிடம் சொல்வதற்கும் முன்னால், மெஷின்மேல் நிற்கிற குழந்தையிடம்தான் சொல்வார். "உன் உடம்பு. உனக்குத்தான் முதல்ல தெரியணும்."

முதல் நாளே மாத்திரை எழுத மாட்டார். இதில்தான் ஊருக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. இரண்டு பஸ் மாறி வந்து, காத்துக் கிடந்து, வெறும் கையோடு திரும்புவதா என்று கோபித்துக்கொண்டு என் அறைக்கு வந்து முறையிட்டவர்கள் உண்டு. "என்னங்க டாக்டர், பையன் தூங்குறானா, ஸ்கூல்ல யாராச்சும் அடிக்கிறாங்களா, வீட்ல யாருக்காச்சும் சின்ன வயசுல ஹார்ட் அட்டாக் வந்துருக்கான்னு ஏதேதோ கேக்குறாங்க. மருந்தைத் தவிர எல்லாத்தையும் பேசுறாங்க" என்றார் ஒருவர். ஆனால் எழுதவேண்டிய இடத்தில் ஹமீதா தயங்கியதும் இல்லை. மனச்சோர்வில் சாப்பாட்டையே விட்டிருந்த ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு மருந்து ஆரம்பித்துவிட்டு, ஆரம்ப வாரங்களில்தான் கவனமாக இருக்கணும், செத்துவிடலாம் என்ற எண்ணம் அப்போது வரக்கூடும் என்று சொல்லி, அடிக்கடி தானே போன் செய்து அந்தப் பெண்ணிடமே பேசினார். மாத்திரையை அம்மா பூட்டி வைத்துத் தன் கையால்தான் தரவேண்டும் என்றார். அந்தப் பெண் தேறியதும், பழக்கமாகிவிடும் என்று யாரோ அத்தை சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் மருந்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். அன்று அவர் போட்ட சத்தம் என் அறைவரை கேட்டது. "பயந்துக்கிட்டு நிறுத்துறதும் அலட்சியம்தாங்க!"

இனிமையாகப் பேசத் தெரியாது அவருக்கு. என்னிடமும் பல தடவை சண்டை போட்டிருக்கிறார். ஆனால் அவர் பேச்சில் என்னால் மறக்கவே முடியாதது ஒரு பள்ளித் தாளாளரிடம் சொன்னதுதான். அந்த மனிதர் அவர் அறைக்கே வந்தார். வகுப்பில் அடங்காத பிள்ளைகளை எல்லாம் மொத்தமாக அனுப்பி வைப்பதாகவும், ஆண்டுத் தேர்வுக்குள் எல்லாரையும் "கொஞ்சம் உக்கார வெச்சுக் குடுங்க" என்றும் கேட்டார். நான் அப்போது அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஹமீதா அமைதியாகச் சொன்னார். "உக்கார வைக்கிறதுக்கு நாற்காலி போதும் சார். அவன் ஏன் எந்திரிக்கிறான்னு பாக்குறதுதான் என் வேலை. ஒருத்தன் ஒருத்தனா அனுப்புங்க, அப்பா அம்மாவோட." தாளாளர் டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

தருணை அவரிடம் அனுப்பியது நான்தான். ஸ்ரீரங்கத்தில் ரயிலடிப் பக்கம் வீடு. மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான், அந்தத் தாளாளரின் பள்ளியிலேயே. ஒரு வரி படிப்பதற்குள் கவனம் பறந்துவிடும். ஹமீதா பல தடவை பார்த்து, பள்ளியில் விசாரித்து, பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து, அதற்கும் பிறகுதான் கவனக்குறைபாட்டுக்கான மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பித்தார். அந்த மருந்து பசியைக் குறைக்கும், அதனால் எடையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். மருந்தை வீணாக்காமல் கொடுக்கிறார்களா என்று பார்க்க, தீர்ந்த மாத்திரைகளின் வெறும் அட்டைகளைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்வது அவர் வழக்கம். அதைக் கொடுத்தால்தான் அடுத்த மாதத்துக்கான சீட்டு. பையன் நன்றாகவே தேறினான். ஒரு பக்கம் முழுக்கத் தப்பில்லாமல் எழுதியதை என்னிடம் கொண்டுவந்து காட்டினான்.

சில மாதங்களில் பள்ளியிலிருந்து மறுபடி புகார் வந்தது. தருண் பழையபடி ஆகிவிட்டான், மருந்தைக் கூட்டிக் கொடுங்கள் என்று அவன் அப்பா கேட்டார். வெறும் அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார், ஒரு மாத்திரை பாக்கியில்லை. வேறு யாராக இருந்தாலும் அளவைக் கூட்டியிருப்போம், நான் உட்பட. ஹமீதா பையனை மெஷினில் ஏற்றினார். எடை நன்றாக ஏறியிருந்தது. நாடி நிதானமாக அடித்தது. நன்றாகச் சாப்பிடுகிறானா என்று கேட்டார். "ஒரு தோசை கேட்டவன் இப்ப நாலு கேக்குறான் டாக்டர்" என்று அம்மா பெருமையாகச் சொன்னார். ஹமீதா பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"ராஜி, இவன் மாத்திரை சாப்பிடல. இவனைக் கேட்டுட்டு அப்புறம் அவங்களைக் கேப்போம்" என்றார். தருண் காலை ஆட்டிக்கொண்டே சொன்னான். "அது ஹரீஷ் அண்ணனுக்குப் போகுது டாக்டர். அப்பா பஸ்ல குடுத்து விடுவாரு."

ஹரீஷ் தொட்டியத்தில் இருக்கும் பெரியப்பாவின் மகன், பன்னிரண்டாம் வகுப்பு. நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். தருண் ஒரு பக்கம் முழுக்க எழுதுகிறான் என்ற செய்தி குடும்பம் முழுக்கப் பரவியிருந்தது. படிப்பு வருகிற மாத்திரை என்று பெயரும் வைத்துவிட்டார்கள். தொட்டியம் வழியாகப் போகும் நாமக்கல் பஸ்ஸில் கண்டக்டரிடம் பொட்டலம் போகும். வெறும் அட்டைகள் பத்திரமாகத் திரும்பி வரும், டாக்டரிடம் காட்ட வேண்டுமே! ஹமீதா அப்பாவைக் கேட்டபோது அவர் மறைக்கவே இல்லை. அவருக்கு அதில் தப்பு இருப்பதாகவே தெரியவில்லை. "அண்ணன் கேட்டா எப்படிங்க இல்லைன்னு சொல்றது? வெளி ஆளுக்கா குடுத்தேன்? நம்ம பையன்தானே?"

ஹமீதா உடனே தொட்டியத்துக்குப் போன் செய்தார். பரீட்சை முடியட்டும், அப்புறம் கூட்டிக்கொண்டு வருகிறோம் என்று பதில் வந்தது. ஹமீதா காத்திருந்த மற்றவர்களை அனுப்பிவிட்டுக் காரை எடுத்தார், நானும் ஏறிக்கொண்டேன். வாழைத் தோப்புக்கு நடுவில் நல்ல வீடு. பெரியப்பா வரவேற்று, சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார். "பையன் சூப்பரா படிக்கிறான் டாக்டர். ராத்திரி தூங்குறதே இல்ல" என்று அவர் சொன்னபோது அந்த மனிதரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. மாடி அறையில் ஹரீஷ் உதடு வெடித்து, கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றாகியிருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று மெதுவாகச் சொன்னான். நோட்டில் ஒரே சமன்பாட்டைத் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருந்தான். ஹமீதா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "பேசுறாங்கதான்னு உனக்குத் தோணுதுல்ல? பயமா இருக்கும். வா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவன் எதிர்ப்பில்லாமல் எழுந்து வந்தான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்; ஹரீஷ் பிழைத்தான், தெளிந்தான். பரீட்சை போனது. அதைத்தான் அந்தக் குடும்பத்தால் தாங்க முடியவில்லை. ஒரு வருஷம் போச்சு என்றார்கள். 'ஹமீதா டாக்டர் எழுதுன மாத்திரைலதான் பையன் மனநிலை பாதிச்சுது' என்று பேச்சு கிளம்பியது. கேட்டவர் யாரும், எந்தப் பையனுக்கு எழுதியது என்று கேட்கவில்லை. தாளாளருக்கு இது பாயசம். பெற்றோர் கூட்டத்திலேயே சொன்னார். நாங்கள் மருத்துவர்கள் சேர்ந்து ஒரு விளக்கம் கொடுக்கலாம் என்று குழுவில் எழுதினேன். அன்று ஒரு கைகூட வரவில்லை. ஹமீதாவின் அறை வாசலில் செருப்புகள் குறைந்துகொண்டே வந்தன. அவர் மற்றவர்களைத் திட்டவில்லை, தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். "முந்தின மாசமே எடை ஏறியிருந்துச்சு ராஜி. அட்டையைப் பார்த்து நம்பிட்டேன்."

தருணை வேறு ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் நாளே மருந்து கிடைத்தது, ஒன்றல்ல, மூன்று. ரொம்ப நாள் கழித்துத் திருவானைக்காவலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நானும் ஹமீதாவும் அவனைப் பார்த்தோம். பிள்ளைகள் எல்லாம் பந்தல் கம்பத்தில் தொங்கி விளையாடிக்கொண்டிருக்க, அவன் பெருத்துப்போய், ஒரு நாற்காலியில் வாயை லேசாகத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா எங்களைப் பார்த்து, "இப்ப ஒரு தொந்தரவு இல்லைங்க" என்றார். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அந்த டாக்டரிடமே ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்று ஹமீதா சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே அந்த அப்பா நகர்ந்துவிட்டார். திரும்பி வரும்போது காரில் ஹமீதா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உக்காந்துட்டான் பாத்தீங்களா? எல்லாரும் ஜெயிச்சுட்டாங்க."

இரங்கல் கூட்டத்தை நடத்தியது அந்தத் தாளாளர்தான். அழைப்பு வந்தபோது நம்ப முடியவில்லை. அவரே தலைமை தாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். கூட்டம் நிறைய வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளைச் சீருடையில் வரிசையாக உட்கார வைத்திருந்தார். எவ்வளவு அமைதியாக இருக்கிறார்கள் பாருங்கள், இதுதான் டாக்டரம்மாவுக்கு நாம் செலுத்தும் மரியாதை என்றார். மூன்றாவது வரிசையில் தருண் தூங்கிக்கொண்டிருந்தான். என் இரண்டு நிமிடம் வந்தபோது ஒலிபெருக்கி முன்னால் நின்று, "ஹமீதா யாரையும் உட்கார வைத்ததில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். சுருக்கமாகப் பேசியதற்காகத் தாளாளர் நன்றி சொன்னார்.

வாசலில் தருணின் அம்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். நான் கேட்டேன், "சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துக்கிட்டு அவனை ஒரு தடவை கூட்டிட்டு வருவீங்களா?" அவர் தருணைக் கூட்டிவர உள்ளே போய்விட்டார்.

ஜீனத் அந்த எடை மெஷினை எனக்குத்தான் கொடுத்தார். என் அறையில் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சென்ற வாரம் தருணும் அவன் அம்மாவும் வந்தார்கள். "அவருக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்றார் அம்மா. எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு எழுதிக் கொடுத்த டாக்டரிடம் நானே பேசுகிறேன், அப்பாவிடமும் பேசித்தான் ஆக வேண்டும் என்றேன். அந்த டாக்டர் கேட்பாரா, அப்பா விடுவாரா, தெரியாது. நான் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே தருண் மெஷினைப் பார்த்துவிட்டான். யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றினான். மூச்சு வாங்க அதன்மேல் ஏறி நின்றான். நான் எண்ணைப் பார்த்தேன். அந்த வயதுக்கு இருக்கக் கூடாத எடை. அம்மாவுக்குத் தெரியாமல் காகிதத்தில் எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன்.

"எனக்குத்தான் முதல்ல சொல்லணும்" என்றான் தருண்.

சொன்னேன். ஹமீதாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.