அப்பாவிடம் அன்பாகப் பேசிய காலை

அப்பாவுக்கு நான் எருமை. நல்ல மார்க் வாங்கினால் எருமைக்கடா. பட்டம் வாங்கிய அன்று, "பன்னாட, பாஸாயிட்டியா?" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். அதனால் இந்தத் திட்டுப் பேச்சை மாற்றும் பொறுப்பும் என்னுடையது என்று நினைத்தேன்.

நாவலூரில் வேலை கிடைத்து, அங்கேயே விடுதியில் தங்கப் போகும் நாள் வந்தது. கிளம்புவதற்குள், அப்பாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று அவரிடம் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி முன் நின்று பழகிக்கூடப் பார்த்தேன்.

அப்பா செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பஸ் பிடிக்க அதில்தான் போனேன். பின்னால் காலிக் கூடையோடு ஒரு மீன்கார அக்காவும் வேறு சிலரும். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சொன்னேன்.

வண்டி ஓரமாக நின்றது.

"இன்னாடா சொன்ன?"

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்ப்பா. நீங்க நல்லா இருக்கணும்."

அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஒடம்பு இன்னா பண்ணுது?"

"அண்ணாத்த, புள்ள எதையோ பாத்து பயந்துகினு கீது," என்றார் மீன்கார அக்கா. "மொதல்ல மந்திரிச்சு வுடு."

அப்பா வண்டியைத் திருப்பினார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் மிக மரியாதையாகச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கோயில் வாசலில் ஒரு பிடி விபூதியை அப்பா என் நெற்றியில் அப்பி, மிச்சத்தை என் வாயில் போட்டார். அக்கா வண்டி முகப்பில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைப் பிய்த்து என் தலையைச் சுற்றினார். மற்றவர்களும் இறங்கி நின்று யோசனை சொன்னார்கள். அதற்குள் பஸ் போயிருக்கும். முதல் நாளே தாமதம்.

"யோவ், லூசாய்யா நீ?" கத்தினேன். வாயிலிருந்து விபூதி புகையாகப் பறந்தது. "மூளைன்னு ஒண்ணு கீதா இல்லியா? உன்னாண்ட வாயத் தொறந்தேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்!"

அந்த நிமிஷம் எனக்கு அவரைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, இன்னா கத்து கத்துறான்!" என்றார் அக்காவிடம். "உசுரு அவனுக்கு, எம்மேல."

"பின்ன? பெத்த புள்ளையாச்சே."

வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார். மாமல்லபுரத்தில் அடுத்த பஸ்ஸில் என்னை ஏற்றி, பையை ஜன்னல் வழியாகத் திணித்தார். "ஒழிஞ்சி போ, சனியனே! வேளாவேளைக்குத் துன்னு."

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. "நீ மொதல்ல போய்யா!" என்று நிஜமாகவே எரிந்து விழுந்தேன்.

அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.