கிரகணம் உள்ளே வந்த காலை

அந்த டிசம்பர் விடுமுறையில் சூரிய கிரகணம் வரப்போகிறது என்று தெரிந்தபோது எனக்கு ஐந்தாம் மாதம். நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தோட்டத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பாடசாலைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், என் கணவர் வீட்டாரின் லயம். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். அதில் எங்களுக்கு ஒரு அறை, சமைக்க ஒரு குசினி, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. கணவருக்குப் பதுளை டவுனில் மின்சாரச் சாமான் கடையில் வேலை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வருவார். ஆகவே அந்த வீடு பெரும்பாலும் எனக்கும் அவருடைய அம்மாவுக்கும்தான். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். அவர் அப்போதும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முந்தின வருடம் எனக்கு ஒரு பிள்ளை தங்கவில்லை. நாலாம் மாதத்தில் போய்விட்டது. பதுளை பெரியாஸ்பத்திரியில் என் கட்டிலருகே வந்த டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் ஏன் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவசரப்படாமல் சொன்னார்.

“ஏனெண்டு எங்களுக்கும் தெரியாது, பிள்ளை. கனபேருக்கு இப்பிடி நடக்கிறது. உங்களில ஒரு பிழையும் இல்லை.”

அது நேர்மையான பதில். விஞ்ஞானம் படித்தவளாக அதை நான் மதித்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்திருந்த நாட்களில், ‘தெரியாது’ என்ற அந்த ஒரு சொல் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற பனிமூட்டம் மாதிரி அசையாமல் நின்றது. எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் எதுவும் தட்டுப்படாத வெண்மை. அத்தையிடமோ பதில் இருந்தது. ஒருநாள் மாலை மங்கியபின் ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடைக்கரை முனியாண்டிக் கல்லைத் தாண்டி நான் தனியாக வந்தேனாம், அங்கேதான் முனி பிடித்ததாம். எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டார், என் கையில் கறுப்புக் கயிறு கட்டினார். எனக்குக் கோபம் வந்தது. பல நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வெகுநாள் கழித்துத்தான் அந்தக் கோபத்தின் அடியில் என்ன கிடந்தது என்று எனக்குத் தெரிந்தது. அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கல் இருந்தது. எனக்கு அதுகூட இல்லை.

விடுமுறை விடுவதற்கு முந்தின வாரம் வகுப்பில் கிரகணத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்துப் பக்கம் வளையமாகத் தெரியும், நமக்குப் பிறை மாதிரித்தான் தெரியும் என்றேன். வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. அட்டைப்பெட்டியில் ஊசித்துளை போட்டு, உள்ளே விழுகிற படத்தைப் பார்க்கலாம். அன்று காலை எல்லோரும் பாடசாலை மைதானத்துக்கு வாருங்கள் என்றேன். மணியடித்துப் பிள்ளைகள் போன பிறகு ஒரு மாணவி மட்டும் நின்றாள். அவளுக்குப் பிறவியிலேயே மேலுதடு பிளந்திருந்தது. குழந்தையாக இருக்கும்போதே தைத்துவிட்டார்கள். தழும்பு மட்டும் மூக்குவரை போகும். பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கு.

அவளுடைய அம்மா வயிற்றில் அவளைச் சுமந்திருந்தபோது ஒரு சாயங்காலம் கிரகணம் பிடித்ததாம். தெரியாமல் அந்த நேரத்தில் கத்தி எடுத்துப் பலாக்காய் வெட்டினாராம். வீட்டில் ஏதாவது சண்டை என்றால் இன்றைக்கும் அந்தப் பலாக்காயில் வந்துதான் முடியுமாம். அவள் கேட்டாள்: “உண்மையாவா டீச்சர்?”

இல்லை என்றேன். அது வயிற்றுக்குள் முகம் உருவாகும்போது இரண்டு பக்கமும் ஒட்டாமல் போவது, கிரகணத்துக்கும் கத்திக்கும் அதில் வேலையே இல்லை என்றேன். சொல்லிவிட்டு, வேகத்தில் இன்னொன்றும் சொன்னேன். “நானும் இந்த வயித்தோடதான் அன்னைக்கி கிரவுண்டுக்கு வருவேன். நீ அம்மாவயும் கூட்டிக்கிட்டு வா.”

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டுப் போனாள்.

கிரகணத்துக்கு முதல்நாளே அத்தை எங்கிருந்தோ அருகம்புல் பறித்து வந்து தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய்ப் போத்தலிலும் போட்டார். அடுத்த நாள் விடியுமுன்பே சோறாக்கி, சாப்பிட வைத்து, மிச்சத்தைக் கொட்டி, அடுப்பை மெழுகினார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. கால் உளைகிறது என்றார். ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டார். நான் சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் கதவுக்குப் பக்கத்தில் பலகைக்கட்டையில் உட்கார்ந்திருந்தார். வழியை மறிக்கவில்லை. இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டிக் காட்டினார்.

“போகாதன்னு சொல்லலம்மா. நீ படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியும். இந்தக் கை மட்டும் நிக்க மாட்டேங்குது.”

கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்த விரல்கள். அவை நடுங்கிக்கொண்டிருந்தன.

நான் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். அவருக்காகத்தான் உட்கார்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளையின் உதடு மூன்றாம் மாதத்துக்குள்ளேயே ஒட்டி முடிந்துவிடும். என் பிள்ளைக்கு அது எப்போதோ முடிந்த காரியம். இதை எந்தப் பரீட்சையிலும் என்னால் எழுத முடியும். ஆனால் உட்கார்ந்த உடனே என் முதுகு தளர்ந்ததே, மூச்சு இறங்கியதே, அது அவருக்காக இல்லை. ஒரு தடவை இழந்த உடம்பு அது. அதற்குப் பாடப் புத்தகம் தெரியவில்லை.

கதவைச் சாத்தினார். அறை இருண்டது. வெளியே எங்கோ ஒரு ரேடியோவும் நின்றுபோனது. எங்கள் கூரைத் தகரம் பழையது. ஆணி மாற்றி மாற்றி அடித்ததில் பழைய ஆணித்துளைகள் அங்கங்கே உண்டு. மழை பெய்தால் கீழே பாத்திரம் வைப்போம். வெயில் அடித்தால் அவை வழியாகத் தரையில் வட்ட வட்டமாக வெளிச்சம் விழும். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிற வட்டங்கள். அன்றைக்கு நான் அவற்றை நினைக்கவே இல்லை.

கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. வயிற்றுக்குள் பிள்ளை மெதுவாகப் புரள்வது, தண்ணீருக்கடியில் யாரோ திரும்பிப் படுக்கிற மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் போனதோ, அத்தையின் குரல் கேட்டது. சத்தமில்லாத குரல்.

“உள்ள வந்துருச்சும்மா.”

கண்ணைத் திறந்தேன். என் வயிற்றின் மேல், சேலையில், சின்னச் சின்னப் பிறைகள். தரையில் பிறைகள். சுவரில் சாய்வாக நீண்ட பிறைகள். குடத்தின் கழுத்தில் ஒன்று. துளைகளெல்லாம் அதே துளைகள்தான். விழுந்த வெளிச்சம் மட்டும் எல்லா இடத்திலும் ஒரே பக்கம் கடித்தெடுத்த மாதிரி குறைந்திருந்தது. அந்த இருட்டில் அவை மிதப்பது போல இருந்தன. நான் கனவு காண்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அத்தை ஓடிப்போய்ப் போர்வையை எடுத்து என் மேல் மூடினார். பிறைகள் போர்வை மேல் விழுந்தன. இன்னொரு போர்வை. அதன் மேலும் விழுந்தன. கடைசியில் அவரே குனிந்து, கைகளைக் கட்டிலில் ஊன்றி, என் வயிற்றுக்கு மேல் கூரை மாதிரி நின்றார். வெளுத்துப்போன ரவிக்கையில், அவர் முதுகு முழுக்கப் பிறைகள். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் அதைப் பார்த்தேன்.

அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். ஒவ்வொரு துளையும் சூரியனின் படத்தைக் கீழே போடுகிறது, துளை எந்த வடிவமாக இருந்தாலும் சூரியன் இருக்கிற மாதிரித்தான் படம் விழும் என்று சொன்னேன். மற்ற நாளில் வட்டமாக விழுவதும் சூரியனின் படம்தான் என்றேன். அதைக் கேட்டுத்தான் அவர் நிமிர்ந்தார்.

“அப்ப தெனமும் நம்ம வூட்டுக்குள்ள சூரியன் விழுதா?”

“தெனமும் விழுது அத்தை.”

அவர் உள்ளங்கையை நீட்டினார். ஒரு பிறை அதில் வந்து உட்கார்ந்தது. சூடு இருக்கிறதா என்று பார்ப்பவர் போல விரல்களை மெல்ல மடக்கினார். அது விரல்களின் மேல் ஏறிக்கொண்டது. நடுக்கம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. பிறை இன்னும் மெலிந்து, நகம் வெட்டிப் போட்ட துண்டு மாதிரி ஆகும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர் எழுந்தார்.

“வந்தது வந்துருச்சு. இனி கதவ அடைச்சு என்ன செய்யப் போறோம்.” மூலையில் இருந்த கறுப்புக் குடையை எடுத்தார். “வா. புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்.”

அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் அது நடந்ததுதானா என்று தோன்றும். வானத்தில் மேகம் இல்லை, ஆனால் வெயில் வெயிலாக இல்லை. நிலா வெளிச்சத்தைப் பகலில் காய்ச்சி ஊற்றிய மாதிரி ஒரு வெள்ளி நிறம். தேயிலை முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடந்தது. குருவிகள் ஒன்றும் சத்தம் போடவில்லை. எங்கள் நிழல் மட்டும் கத்தியால் வெட்டியது போலத் தெளிவாக எங்களுக்கு முன்னால் இறங்கியது. அத்தை பாதி அடி பின்னால் நடந்து, குடை என் வயிற்றுக்கு நேராக இருக்கும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டே வந்தார். படிகளில் தன் கால் எங்கே படுகிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

மைதானத்தில் பிள்ளைகள் அட்டைப்பெட்டிகளோடு கூட்டம் கூட்டமாக நின்றார்கள். பாடசாலை அதிபர் என்னைப் பார்த்ததும் அப்பாடா என்பது போல ஒதுங்கிக்கொண்டார். அந்த மாணவி ஓரத்து மரத்தடியில் இருந்தாள். அவள் அம்மாவும் வந்திருந்தார். முக்காடு போட்ட தலை, குனிந்த பார்வை. நான் கிட்டப் போனதும் அவர் நிமிர்ந்து, முதலில் என் வயிற்றைத்தான் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“டீச்சர், நீங்க உள்ளுக்குப் போயிருங்க. எனக்கு நடந்தது ஒங்களுக்கு வேணாம்.”

அவருக்குத் தைரியம் சொல்லத்தான் நான் வந்தேன். அவரோ என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். வகுப்பில் சொன்னதை இங்கே சொன்னால் அது இவருக்கு எட்டாது என்று தோன்றியது. பிறகு கேட்டேன்.

“அக்கா, நீங்க அன்னைக்கிப் பலாக்கா வெட்டினப்ப ஒங்களுக்கு எத்தனாம் மாசம்?”

“ஏழு. வளைகாப்பு முடிஞ்சிருந்துச்சு.”

“புள்ளைக்கி ஒதடு ஒட்டுறதெல்லாம் மூணாம் மாசத்துக்குள்ள முடிஞ்சிரும்க்கா. நீங்க கத்திய எடுக்குறதுக்கு நாலு மாசம் மின்னயே அது அப்புடித்தான் இருந்துச்சு.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உதடுகள் அசைந்தன, மாதங்களைப் பின்னோக்கி எண்ணுகிறார் என்று புரிந்தது. மரத்தின் இலைகளுக்கு நடுவிலும் வெளிச்சம் பிறை பிறையாக இறங்கி அவர் முக்காட்டில் அசைந்துகொண்டிருந்தது. மகள் வாயை மறைத்த கையை எடுத்திருந்தாள்.

“கிரகணத்துக்கு மின்னயேவா?”

“ஆமாக்கா.”

“அப்ப நான் இல்லைன்னா, யாரால?”

அந்தக் கேள்வி எனக்குத் தெரிந்த கேள்வி. ஒரு கல்லை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். டொக்டர்மாருக்கும் முழுசாகத் தெரியாது, யாருடைய பிழையும் இல்லை என்றேன். ஆஸ்பத்திரியில் நான் கேட்ட அதே சொற்கள் என் வாயிலிருந்து தோட்டத்துப் பேச்சில் வந்தன. சொல்லும்போதுதான் அவை எவ்வளவு கனமானவை என்று தெரிந்தது. அந்த டொக்டர் ஏன் கண்ணாடியைக் கழற்றினார் என்றும் புரிந்தது.

அந்த அம்மா அழவில்லை. முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளிடம், “பெட்டியில என்னமோ தெரியுதுன்னியே, எங்க காட்டு” என்றார். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகி, எங்கோ ஒரு சேவல் கூவியது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னைத் தலை முழுகச் சொன்னார். முழுகினேன்.

அதற்குப் பிறகு பிள்ளை பிறக்கும்வரை நான் பயமில்லாமல் இருந்தேன் என்று சொன்னால் பொய். ஏழாம் மாதத்தில் ஒருநாள் அசைவு குறைந்தபோது, என் மனம் நேராக அந்த வெள்ளி வெளிச்சத்துக்குத்தான் போனது. கிளினிக்கில் மிட்வைஃப் கருவியை வைத்து இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார். குதிரை ஓடுகிற மாதிரி அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் எனக்கு நாக்கு ஈரமானது. மகள் பிறந்த அன்று நர்ஸ் அவளைத் துணியில் சுற்றிக் கொடுத்ததும் முதலில் உதட்டைப் பார்த்தேன். பார்வையாளர் நேரத்துக்கு வந்த அத்தையும் முதலில் அங்கேதான் பார்த்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அந்த அம்மா தன் வீட்டாரிடம் மாதக் கணக்கைச் சொன்னாரா, அவர்கள் ஏற்றுக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. அதுவரை பெற்றோர் கூட்டத்துக்குத் தன் அண்ணனை அனுப்பியவர், அடுத்த கூட்டத்திலிருந்து தானே வர ஆரம்பித்தார். முன்வரிசையில் உட்காருவார்.

மகளுக்கு முதல் ஊசி போட வேண்டிய நாளை அத்தைதான் நினைவு வைத்திருந்தார். கன்னத்திலும் உள்ளங்காலிலும் மைப்பொட்டு வைத்து, கிளினிக் அட்டையைத் தன் மடியில் செருகிக்கொண்டு, மழைக்கு முன்னால் போய்விடலாம் என்று என்னை அவசரப்படுத்தினார். அன்று மாலை பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தது. மிட்வைஃப் கொடுத்த பாணி மருந்தை நான் அளந்து புகட்டினேன். அத்தை உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் வெடிக்கிற நெடியில் இருவருக்கும் இருமல் வந்தது. விடியும்போது பிள்ளையின் நெற்றி குளிர்ந்திருந்தது. எதனால் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்தார். மலையிலிருந்து இறங்கிய பனி இஸ்தோப்புவரை வந்து நின்றது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கூடையை எடுத்துக்கொண்டு அவர் அந்தப் பனிக்குள் நடந்து போனார்.