ஐந்து கட்டையும் கசப்புப் பொட்டலமும்

முதல் குளிர் முற்பகல் பதினொரு மணிக்கு வந்தது. கார்த்திகை மாதம். போடியில் அன்று நல்ல வெயில். நான் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, ராணி வேஷத்துக் கிரீடத்தில் உதிர்ந்துபோன கண்ணாடி மணிகளை ஊசி நூலால் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி மூன்று முறை விரலில் ஏறியது. நான்காம் முறை ஊசியே கையில் நிற்கவில்லை. பற்கள் தந்தியடித்தன.

என் அம்மா ஏலக்காய் மண்டியில் காய் பொறுக்கப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது நான் இரண்டு ஜமுக்காளம், ஒரு கம்பளி, அதற்கு மேல் நாடகத்து வெல்வெட் அங்கி எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு கிடந்தேன். குளிர் போய் உடம்பு அடுப்பாகியிருந்தது.

"என்னத்தா, பட்டப்பகல்ல ராணி வேசத்துல படுத்திருக்க?" என்றாள். நெற்றியைத் தொட்டதும் அவள் குரல் மாறிவிட்டது.

பொழுது சாய்வதற்குள் வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. இரண்டு வட்டில் சோறு சாப்பிட்டேன். மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள், அதே பதினொரு மணிக்கு, மறுபடியும் குளிர். இப்படி மணி பார்த்து வரும் காய்ச்சல் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், இதைக் கடைசிவரை படியுங்கள். அதற்கு முறைக்காய்ச்சல் (ஒருநாள் விட்டு ஒருநாள் கணக்குத் தவறாமல் வருவது) என்று பெயர். இடைப்பட்ட நாளில் ஆள் நன்றாக இருப்பார். அந்த நன்றாக இருக்கும் நாள்தான் பெரிய ஏமாற்று.

இரண்டு வாரத்துக்கு முன் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் மூன்று நாள் நாடகம் நடத்தியிருந்தோம். ஹார்மோனியப் பெட்டியைக் கோவேறு கழுதையின் மேல் கட்டிவிட்டு நாங்கள் நடந்தே ஏறினோம். அங்கே வேலையாட்களில் பாதிப்பேர் போர்த்திக்கொண்டு படுத்துக் கிடந்ததைப் பார்த்தேன். மலையில் குளிரத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் யார் என்று சொல்ல வேண்டும். நோட்டீஸில் என் பெயரை 'ஐந்து கட்டை புகழ் போடி செவந்தியம்மாள்' என்று போடுவார்கள். சிறுமியாக அம்மாவோடு மண்டியில் காய் பொறுக்கும்போது பாடுவேன். கை ஓயாமல் இருக்க அது உதவியது. அங்கே வந்த ஒரு நாடக வாத்தியார் கேட்டுவிட்டு, சிறுவர் வேஷத்துக்கு அழைத்துக்கொண்டார். பதினேழு வயதில் ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேஷம்) கட்டினேன். பெண் வேஷம் கட்ட ஆண்கள் இருக்கும்போது இவள் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. நான் பாடிய பிறகு அவர்கள் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். கட்டை என்பது ஹார்மோனியத்தில் சுருதியின் உயரம். ஐந்து கட்டையில் பாடினால் கடைசியில் மாட்டுவண்டிமேல் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் சொல் சொல்லாகக் கேட்கும். அதுதான் என் சொத்து. அகங்காரமும் அதுதான்.

அந்த அகங்காரத்தில்தான் காய்ச்சலை ஏமாற்றலாம் என்று நினைத்தேன். விரலில் கணக்குப் போட்டு, குளிர் வராத நாட்களுக்கு மட்டும் நாடகம் ஒப்புக்கொண்டேன். இரவெல்லாம் பாடிவிட்டு விடிந்ததும் வண்டி ஏறினால், பதினொரு மணிக் குளிருக்கு வீட்டில் இருப்பேன். ஒரு மாதம் இப்படிச் சமாளித்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கண்ணாடியில் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. அதற்கு அரிதாரம் இருந்தது.

அம்மாதான் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாக்டர் நிதானமானவர். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் முடியும்வரை காத்திருப்பார்.

"இது கொசு கடிச்சு வர்றதும்மா" என்றார்.

"ஏன்யா, கொசு கடிச்சா சொறியத்தேன் செய்யும். குளிரவா செய்யும்?" என்றாள் அம்மா.

அவர் சிரித்துவிட்டு, கொயினா (காய்ச்சலுக்கு மரப்பட்டையிலிருந்து எடுக்கும் கசப்புத் தூள்) பொட்டலங்கள் கொடுத்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, மூன்று மாதம், ஒருநாள்கூட விடக்கூடாது. அந்தக் கசப்பை எழுத முடியாது. வெல்லத்தைத் தின்றாலும் வெல்லம்தான் கசந்தது.

நான்கே நாளில் குளிர் நின்றது. ஆனால் ஐந்தாம் நாள் காதுக்குள் ஒரு வண்டு வந்து உட்கார்ந்தது. ஙொய் என்று ஓயாத இரைச்சல். அடுப்படியில் அம்மா பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. இது கொயினாவின் குணம், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மண்டியில் காய் பொறுக்குகிறவளுக்குப் பயமில்லைதான். எனக்கு அந்த ஆறுதல் போதாது.

எங்கள் தெருவிலேயே இருந்த முத்தையா அண்ணன்தான் எனக்கு ஹார்மோனியப் பெட்டி வாசிப்பவர். அவரோடு பாடிப் பார்த்தேன். இரண்டு அடி பாடியதும் அவர் கையை எடுத்துவிட்டார்.

"தங்கச்சி, பெட்டி இங்கிட்டு நிக்கிது, நீ அங்கிட்டு நிக்கிற" என்றார்.

சுருதி விலகியது எனக்குத் தெரியவே இல்லை. அதுதான் என்னை நடுங்க வைத்தது. முதல் குளிருக்குக்கூட நான் அப்படிப் பயப்படவில்லை.

அங்கேதான் பாட்டுக்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தேன். நாடகத்துக்கு மூன்று நாள் முன்பு மருந்தை நிறுத்தினேன். இரைச்சல் ஓய்ந்தது, சுருதி சேர்ந்தது. அடுத்த நாடகத்துக்கு ஐந்து நாள் நிறுத்தினேன். பிறகு தொடுவதையே விட்டுவிட்டேன். பொட்டலங்களை டோப்பா (பொய்முடி) வைக்கும் பெட்டிக்குள் போட்டு மூடினேன். குளிர் வராததால் நோய் போய்விட்டது என்று எனக்கு நானே சாட்சி சொல்லிக்கொண்டேன்.

பொட்டிபுரத்தில் ஒரு நாடகம். போரில் ராஜா இறந்த செய்தி கேட்டு ராணி நடுங்க வேண்டிய கட்டம். தூதன் செய்தி சொன்னான். நான் நடுங்கினேன். பிறகு நடுக்கத்தை நிறுத்திவிட்டுப் பாட வேண்டும். நிறுத்த முடியவில்லை. வளையல், ஒட்டியாணம், கிரீடம் எல்லாம் கலகலவென்று ஆடின. தாடை என் வசத்தில் இல்லை. கொட்டகை மூச்சுவிடாமல் பார்த்தது. பிறகு எழுந்த கைதட்டலில் திரையே அசைந்தது. "ஒன்ஸ்மோர்" என்று கத்தினார்கள். நடிப்புக்காக அவ்வளவு பெரிய கைதட்டலை நான் அதற்கு முன் வாங்கியதில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பதினொரு மணிக் கணக்கை விட்டுக் குளிர் இரவில் வந்திருப்பது முத்தையா அண்ணனுக்குப் புரிந்தது. பாட்டை எடுக்காமல் பெட்டியிலேயே ராகத்தை நீட்டினார். பபூன் வேஷக்காரர் ஏதோ உளறிக்கொண்டே வந்து என்னைத் தாங்கி உள்ளே கொண்டுபோனார்.

மறுநாள் டாக்டர் என் இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து மெல்ல அழுத்தினார். அழுத்திக்கொண்டே தொப்புள் பக்கம்வரை வந்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. மண்ணீரல் (இடது விலாவுக்குள் ஒளிந்திருக்கும் உறுப்பு, முறைக்காய்ச்சலில் வீங்கும்) வெளியே தெரியும்படி பெருத்திருந்தது.

"பொட்டலமெல்லாம் முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுதுங்கய்யா" என்றேன்.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, டோப்பாப் பெட்டியிலிருந்து எடுத்த பொட்டலங்களை மேஜையில் கொட்டினாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு காது, சுருதி, பயம் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். சொல்லும்போது அழுதேன்.

"இது இன்னும் பெருத்தா, சும்மா கீழே விழுந்தாலே உள்ளுக்குள்ள கிழிஞ்சுடும். அப்புறம் எந்தக் கட்டையும் வேண்டியிருக்காது" என்றார். "மருந்து நின்னா காது பெரும்பாலும் திரும்பி வந்துடும். மண்ணீரலுக்கு அந்த மாதிரி நான் உறுதி சொல்ல முடியாது."

பங்குனித் திருவிழாவுக்குப் போடியிலேயே நாடகம் பேசியிருந்தது. மதுரையிலிருந்து பெயர்பெற்ற ராஜபார்ட் (கதாநாயகன் வேஷக்காரர்) வருவதாக ஏற்பாடு. தர்க்கப் பாட்டில் எதிரே நிற்பவரை மடக்கி அழவைப்பவர் அவர். சொந்த ஊரில், மண்டிப் பெண்கள் எல்லாம் பார்க்க, அவரோடு நிற்க வேண்டும் என்பது என் பல வருஷத்து ஆசை. மறுபடி தொடங்கிய மூன்று மாத மருந்தின் நடுவில் அந்த நாள் விழுந்தது. நான் பாடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"பாடுங்க. ஆனா மருந்தோட பாடணும்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம், நாடகம் ஏற்பாடு செய்யும் காண்ட்ராக்டரை வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடட்டுமா என்றேன். அவள் நின்றாள்.

"காதுல வண்டு இருந்தா இருந்துட்டுப் போகுது. உன் சோலி பாடுறது, வெரசா போயி அதப் பாரு" என்றாள்.

தினமும் பிற்பகலில் முத்தையா அண்ணன் வருவார். முதல் பத்து நாள் பாடினேன் என்று சொல்ல முடியாது, கத்தினேன். அவர் கையை எடுப்பார், வைப்பார். ஒருநாள் களைப்பில் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றி, கன்னத்தில் கை வைத்துச் சாய்ந்துகொண்டேன். அவர் சும்மா சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சுருதி பலகையிலிருந்து முழங்கைக்கு ஏறி, கைவழியாக வந்து கன்னத்து எலும்பில் நின்றது. அதைக் கேட்டேன் என்பதா, தொட்டேன் என்பதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தேன். அண்ணன் கையை எடுக்கவில்லை.

பாட்டு முடிந்ததும், "இன்னொருக்கா" என்றார்.

அதன்பிறகு என் உடம்பையே நான் புதிதாகப் படித்தேன். ஐந்து கட்டையில் மேல் ஸட்ஜமத்தைச் சரியாகத் தொட்டால் மூக்குத்தண்டின் உச்சியில் ஒரு சிறு கூச்சம் எழும். விலகினால் அது இல்லை. அதுவரை எனக்குப் பாட்டு என்பது தொண்டையும் காதும் மட்டுமே. இவ்வளவு எலும்பும் எனக்காகப் பாடிக்கொண்டிருந்ததைக் கவனித்ததே இல்லை. காலையும் மாலையும் பொட்டலத்தை விழுங்கினேன், அம்மா எதிரே நின்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

திருவிழா நாடகம் வந்தது. கொட்டகைக்கு வெளியேயும் கூட்டம். நான் மேடைக்கு வந்ததும் நேரே பெட்டியருகே போய், முழங்கையை ஊன்றி, கன்னத்தில் கைவைத்து நின்றேன். ராணி இப்படியா நிற்பாள் என்று யாரும் கேட்கவில்லை. முதல் பாட்டு சேர்ந்தது. இரண்டாவதும் சேர்ந்தது. தர்க்கம் தொடங்கியதும் ராஜபார்ட் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, பெட்டிப் பக்கம் விரலை உயர்த்தினார். அரைக் கட்டை ஏற்றச் சொல்லி அர்த்தம். முத்தையா அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

அவர் தன் கேள்வியைப் பாடி முடித்தார். என் காதில் வண்டு அலறிக்கொண்டிருந்தது. கன்னத்து எலும்பில் புதிய சுருதி வந்து அமரும்வரை காத்திருந்தேன். கூட்டம் நான் மடங்கிவிட்டதாக நினைத்திருக்கும். பிறகு எடுத்தேன். மூக்குத்தண்டில் அந்தக் கூச்சம் தெரிந்தது. அவருடைய கேள்விக்குப் பதிலும் சொல்லி, அதே மூச்சில் என் கேள்வியையும் அவர்மேல் வைத்தேன். கூட்டம் எழுந்து நின்றதைப் பார்த்தேன். ஒன்ஸ்மோர் என்று வாய்கள் அசைவதைப் பார்த்தேன். இந்த முறை அது பாட்டுக்காக. நான் அப்போது அடைந்த சந்தோஷத்தை அடக்கமாக எழுத எனக்கு வரவில்லை. ஜெயித்தேன்.

விடிந்து வேஷம் கலைக்கும்போது ராஜபார்ட் வந்தார். "ஏம்மா, அந்தக் கை ஊன்றி நிற்கிறது எந்த ஊர் பாணி?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரி பாணிங்கண்ணே" என்றேன்.

மூன்று மாதப் பொட்டலத்தையும் முடித்தேன். மாதாமாதம் டாக்டரின் விரல்களுக்குள் மண்ணீரல் சிறுத்தது. பிறகு அகப்படாமலே போனது. இரைச்சலும் போய்விட்டது, இடது காதில் மட்டும் கொஞ்சம் மிச்சம். அதன்பின் மதுரை, திருச்சி, கொழும்பு என்று எத்தனையோ கொட்டகைகளில் பாடிவிட்டேன். இப்போது வரும் இளம் ஸ்திரீபார்ட்டுகள் பலர் பெட்டியில் முழங்கை ஊன்றிக் கன்னத்தில் கைவைத்து நிற்கிறார்கள். பாவம், அவர்களுக்குக் காய்ச்சலும் இல்லை, காரணமும் தெரியாது. மலைக்கு நாடகம் போனால் கொசுவலை இல்லாமல் நான் படுப்பதில்லை. உங்களுக்கும் சொல்கிறேன்: குளிர் நின்ற அன்று மருந்தை நிறுத்தாதீர்கள். காது இரைந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் நான் குணமான நாளாக நினைப்பது அந்தத் திருவிழா வெற்றி நாளை அல்ல. அதற்கு மறுநாளை. பொட்டிபுரத்தில் செய்ததுபோல் இரவெல்லாம் உடம்பை வருத்திய பிறகுதான் நோய் திரும்புமா என்பது தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து மணி. பத்தரை. பதினொன்று அடித்தது. கைவிரல்களை நீட்டிப் பார்த்தேன். அசையவில்லை. பதினொன்றரை ஆனது, பன்னிரண்டும் ஆனது. அந்த நேரத்துக்கு மேல் ஒரு பகல் எவ்வளவு நீளம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வெயில் முற்றத்தில் நகர்வதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பசித்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது காண்ட்ராக்டர் வந்தார். வைகாசியில் உத்தமபாளையம் பக்கம் நாடகம் பேசியிருப்பதாகச் சொல்லி, எனக்கு எந்தத் தேதி தோதுப்படும் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"எந்தத் தேதினாலும் போடுங்கய்யா. எம்மகளுக்கு இனிமே எல்லா நாளும் நாளுதேன்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆமாம் என்று தலையாட்டினேன்.